மூழ்காத கப்பலுக்கு முதல் பரிசு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
செவ்வாய், இரவு 11.50

பெறுநர்:
கேப்டன் ராஜகோபால் (ஓய்வு) அவர்கள்,
தென்மண்டலச் செயலாளர்,
தேசியக் கடலோவிய, கப்பல் மரபுக் கழகம்,
சென்னை.

பொருள்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கப்பலை மூழ்கியதாக அறிவித்தது – திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய கேப்டன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்த அகாலத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பகலில் எழுதலாம் என்றால் என் மகள் விழித்திருக்கிறாள். அவள் விழித்திருக்கும்போது உங்கள் கழகத்தின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று என் மாமியார் உத்தரவு போட்டிருக்கிறார். இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நாங்கள் அனைவரும் இங்கு நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அங்கு நலமாயிருக்க ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததால் எழுதினேன். உண்மையில் நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன புதன்கிழமை போனில் உங்களிடம் கத்தியது நான்தான். பெயர் தேவிப்ரியா, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். உங்கள் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய ஏலவார்குழலி, வயது எட்டு, மூன்றாம் வகுப்பு, என் மகள். அம்மனின் பெயர், எங்கள் வீட்டில் குழலி என்றுதான் கூப்பிடுவோம். என் மாமனார் கலியாணசுந்தரம் பட்டுத் தறி நெய்கிறவர். நான் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் கடலோடு சம்பந்தப்பட்ட ஒரே ஆள் என் கணவர் விமல்ராஜ். சரக்குக் கப்பலில் என்ஜின் ரூமில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருக்கிறார். ஆடி மாதம் கப்பல் ஏறினார். அன்றிலிருந்து இந்த வீட்டில் டிவியில் வானிலை அறிக்கை ஓடும்போது யாரும் பேசக் கூடாது. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் என்றால் நான் இங்கே அடுப்பை அணைத்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவர் கப்பல் அப்போது எந்த விரிகுடாவிலும் இருக்காது, அது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்துக்கு உங்கள் நோட்டீஸ் வந்தபோது குழலி ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இதுல ஜெயிச்சா காலண்டர்ல போடுவாங்களாம். அந்த காலண்டர் கப்பலுக்கெல்லாம் போவுமாம். அப்பா கப்பலுக்கும் போவுமா?" என்று கேட்டாள். உங்கள் அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டேன். விக்னேஷ் என்று ஒரு தம்பி எடுத்தார். "கண்டிப்பா மேடம். எல்லா ஷிப்பிங் கம்பெனிக்கும் அனுப்புறோம். சாப்பாட்டு ரூம்லதான் மாட்டுவாங்க," என்றார். சாப்பாட்டு ரூம் என்று அவர் சொன்னதுதான் வினை. அன்றைக்கே படம் முடிவாகிவிட்டது. அப்பா சாப்பாட்டு ரூமில் உட்கார்ந்து சாப்பிடுவார். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தலைப்பையும் அவளே வைத்தாள்: 'அப்பா சாப்பிடும் கப்பல்'. 'மகிழ்ச்சிப் பயணம்' என்ற பிரிவில், அந்தக் கட்டத்தில் டிக் போட்டு, நானே கவரில் வைத்து, நானே ஒட்டி அனுப்பினேன்.

ஐயா, இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதில் எங்கள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. ஆனால் அது தவறு என்பது நீங்கள் சொல்லும்வரை எங்கள் யாருக்கும் தெரியாது. முந்தானையில் இரண்டு மயில் எதிரெதிரே நிற்க வேண்டுமென்றால் நாங்கள் ஒரு மயிலைத்தான் போடுவோம். நடுவில் ஒரு கலசம் நிற்க வேண்டுமென்றால் கலசத்தில் பாதியைத்தான் போடுவோம். வெட்டு ஓரத்தில் 'மறுபாதி இப்படியே' என்று எழுதிவிட்டால் போதும். தறியில் ஏறும்போது மீதிப் பாதி கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். முழுசாக வரைகிறவனை இந்த ஊரில் வேலை தெரியாதவன் என்பார்கள். குழலி பிறந்ததிலிருந்து என் மடியில் உட்கார்ந்து பார்த்தது பாதி மாங்காய், பாதி கோபுரம், பாதி யானை. அவளும் கப்பலில் பாதியைப் போட்டாள். மூக்கிலிருந்து தொடங்கி நடு வரைக்கும் போட்டு, ஸ்கேல் வைத்து நேராகக் கோடு இழுத்து நிறுத்தி, ஓரத்தில் பொடி எழுத்தில் 'மறுபாதி இப்படியே' என்று எழுதிவிட்டாள். அப்பாதானே முக்கியம், அதனால் அவரை நட்ட நடுவில் வைத்தாள். நடுவில் வைத்ததால் அவரும் பாதிதான் வந்தார். ஒரு கண், ஒரு கை, அரை மீசை, பாதித் தட்டு. கப்பலில் மொத்தம் இருபத்து மூன்று பேர் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் பதினொன்றரைப் பேர் போட்டிருந்தாள். கணக்கு சரியாக இருக்கிறது என்று நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

யாருக்குமே தெரியவில்லை ஐயா. நான் பார்த்தேன், எனக்கு முழுக் கப்பல்தான் தெரிந்தது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "பார்டர்ல போட்டா எடுப்பா இருக்கும்மா. அலையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ, ஜரிகை ஜாஸ்தி இழுக்கும்," என்றார். வகுப்பாசிரியை மஹாலட்சுமி டீச்சர் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நீட்டா வந்துக்கிது," என்று கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டிலும் இரண்டு தறி ஓடுகிறது. ஆக, இத்தனை பேர் கண்ணுக்கு முழுசாகத் தெரிந்த கப்பல் உங்கள் மேஜைக்கு வந்ததும் பாதியாகிவிட்டது. ஆகட்டும். பாதியாக வந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? "மீதி எங்கே அம்மா?" என்று ஒரு போன் செய்திருக்க வேண்டும். ஒரு சேலை மடித்து வைத்திருந்தால் அதை அரைச் சேலை என்றா சொல்வீர்கள்? உங்கள் நடுவர்கள் போன் செய்யவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை தபால் வந்தது. பதினொன்றரை மணி. அத்தை, அதாவது என் மாமியார் அம்சவேணி, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முதல் பரிசு என்று பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் முறம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். "என்னா போட்டுக்கிது, படிம்மா, படி," என்றார். சான்றிதழ் இங்கிலீஷில் இருந்தது. நான் அவருக்குப் புரியட்டும் என்று வரிக்கு வரி தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிரிவு: கப்பல் விபத்துகளும் மீட்பும். தலைப்பு: கடைசிப் பயணம். "நடுவில் இரண்டாகப் பிளந்து மூழ்கும் கப்பல். கப்பலோடு தானும் பிளவுண்ட மாலுமி. சாவின் விளிம்பிலும் கையில் உணவுத் தட்டு. ஓரத்தில் குழந்தையின் கையெழுத்தில் 'மறுபாதி இப்படியே' என்ற ஒற்றை வரி. மனித வாழ்வின் நிலையாமையை எட்டு வயதில் உணர்ந்த மேதைமை. படத்தின் ஆழம் கருதி, நடுவர் குழு இதனை மகிழ்ச்சிப் பயணம் பிரிவிலிருந்து விபத்துப் பிரிவுக்கு மாற்றியுள்ளது." படிக்கப் படிக்க என் குரல் போய்விட்டது. நிலையாமையும் இல்லை, ஒன்றும் இல்லை ஐயா. அது தறிக்குச் சொல்லும் குறிப்பு. அன்றாடம் நான் பத்து தரம் எழுதுவது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு வடிவாம்பாள் அக்கா வீட்டுக்கும் ஒரே சுவர். சுவரில் ஒரு சதுர ஜன்னல். அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தவர். கப்பல் பிளந்தது, மாலுமி பிளந்தார், கடைசிப் பயணம், பிறகு என் குரல் அடைத்தது. இவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. வேறு என்ன வேண்டும்? "ஐயோ, விமலு கப்பல் உடைஞ்சுட்டுதாம்டீ!" என்று அவர் தெருவுக்கு ஓடியதை நாங்கள் பார்க்கவே இல்லை. நான் அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் நாற்பது பேர். யாரோ என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நான் ஏற்கெனவே சான்றிதழைப் படித்த ஆத்திரத்தில் கண் கலங்கி நின்றேன். அது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. "இல்லக்கா, அது படம்," என்று சொல்கிறேன். "அய்யோ பாவம், படம்னு சொல்லுதே, புத்தி கலங்கிடுச்சு," என்று இன்னும் நான்கு பேர் அழுகிறார்கள். அத்தைக்கு என்ன ஏதென்று விளங்கவில்லை. ஆனால் தன் வீட்டில் தெருவே அழும்போது தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று அவரும் தொடங்கிவிட்டார். மாமா தறிக் குழியிலிருந்து ஏறி வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டதற்கு மூன்று பேர் அவரைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள். சட்டையெல்லாம் ஈரம்.

ஒன்றரை மணிக்கு வாலாஜாபாத்திலிருந்து சின்ன மாமனார் குமாரவேல் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கையில் ரோஜா மாலை. ஆள் கடலில், உடல் எங்கேயோ, மாலையை யாருக்குப் போடுவது என்று வழியெல்லாம் வேனில் விவாதம் நடந்ததாம். சரியாக அந்த நேரத்தில் என் போன் அடித்தது. வீடியோ கால். என் கணவர். பனியனோடு உட்கார்ந்து சாதம் பிசைந்துகொண்டிருக்கிறார். "என்ன தேவி, வீட்ல கூட்டமா கீது? யாரு போயிட்டாங்க?" என்றார். வடிவாம்பாள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நீதான்பா!" என்றார். "நானா? நான் சாப்ட்டுக்கினு கீறேனேக்கா," என்றார் இவர். சின்ன மாமனார் போனைப் பிடுங்கி, "ஏண்டா, கப்பல் உடையலியா?" என்று அதட்டினார். ஏதோ உடைக்காதது இவருடைய தப்பு என்பதுபோல. "இல்ல சித்தப்பா, ஓடிக்கினுதான் கீது." "அப்ப இத்தினி தூரம் என்னை எதுக்கு வரவச்சீங்க? வேன் வச்சுக்கினு வந்துக்கிறேன்." அந்த ரோஜா மாலையைத் திருப்பிக் கொண்டுபோகவும் மனமில்லை, வெளியே எறியவும் மனமில்லை, கடைசியில் பூஜை அறையில் முருகனுக்குப் போட்டோம். அவர் இதுவரை அவ்வளவு பெரிய மாலை போட்டுக்கொண்டதில்லை.

இவ்வளவும் சிரிப்பாகச் சொல்லிவிடலாம் ஐயா. எங்கள் தெரு இப்போது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாலு மணிக்குக் குழலி பள்ளியிலிருந்து வந்தாள். வாசலில் அத்தனை செருப்பு. ரோஜா இதழ். அத்தைக்கு அழுத முகம். மேஜையில் உங்கள் சான்றிதழ். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தப் பள்ளிக்கு அதற்காகத்தான் பணம் கட்டுகிறோம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, என் கப்பல் முழுகிடுச்சா?" நான் இல்லை என்றேன். பாதிதான் போட்டோம், அவர்களுக்குப் புரியவில்லை என்றேன். "உனக்குக் கப்பல் தெரியாதேம்மா. அவங்களுக்குத்தானே தெரியும்," என்றாள். உங்கள் நோட்டீஸிலேயே போட்டிருக்கிறதே, கடலை அறிந்த வல்லுநர்கள் நடுவர்கள் என்று.

அன்றிலிருந்து அவள் அப்பா கால் செய்யும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை. "அப்பா, அந்தப் பக்கம் காட்டு," என்பாள். அவர் போனைத் தூக்கிக்கொண்டு கப்பலின் மறுகோடி வரை நடந்து காட்ட வேண்டும். இருநூறு மீட்டர் ஐயா. டியூட்டி நேரத்தில். மூன்றாவது நாள் அவருடைய மேலதிகாரி, "என்னய்யா தினமும் வீட்டுக்குக் கப்பல் விக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். போன வெள்ளியோடு அதுவும் நின்றுவிட்டது. பெருங்கடலைத் தாண்டுகிறார்கள், அடுத்த துறைமுகம் வரும்வரை பன்னிரண்டு நாளைக்கு நெட் கிடையாது. கப்பலுக்குப் போனவர் வீட்டில் இது சகஜம்தான், நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டு இருந்துவிடுவேன். அவளுக்கு எப்படி விளங்கும்? மறுபாதியைக் காட்ட ஆள் இல்லை. இட்லியைப் பிட்டுப் பாதி சாப்பிடுகிறாள், மீதியைத் தள்ளி வைக்கிறாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "அப்பா எந்தப் பாதில கீறாரு?" என்கிறாள். நடுவில் வைத்தது தான்தான், அதனால்தான் அப்பா பிளந்தார், ஓரமாக வைத்திருந்தால் தப்பித்திருப்பார் என்று நேற்று என்னிடம் சொன்னாள். கிரேயான் பெட்டியை அவளே கொண்டுபோய்ப் பரணில் போடச் சொன்னாள். எட்டு வயதுக் குழந்தை ஐயா.

அதனால்தான் புதன்கிழமை போன் செய்தேன். விக்னேஷ் தம்பி எடுத்து, "மேடம், ஜூரி முடிவே இறுதியானது. அதுவும் இல்லாம ஃபிரேம் போட்டாச்சு. அந்த வெட்டு ஓரத்துக்குக் கருகின மரம் மாதிரி ஸ்பெஷல் ஃபிரேம் மேடம், சூப்பரா வந்திருக்கு," என்றார். கருகிய மரமாம். என் புருஷன் கப்பலுக்கு. போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் வந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு சொல் விடாமல் இருக்கிறது.

"அம்மா, முப்பத்திரண்டு வருஷம் கடல்ல இருந்தவன் நான். மூழ்குற கப்பலைப் பார்த்தா எனக்குத் தெரியும்," என்றீர்கள்.

"பத்து வருஷமா டிசைன் போடுறேன் சார். பாதியைப் பார்த்தா எனக்குத் தெரியும்," என்றேன்.

"அந்த வெட்டு எவ்வளவு நேரா இருக்குன்னு பாருங்க. இரக்கமே இல்லாத நேர்க்கோடுன்னு ஜூரி மெய்சிலிர்த்துப் போயிட்டாங்க."

"ஸ்கேல் வச்சுப் போட்டா சார்."

பிறகு, "சரிம்மா, மறுபாதி இதே மாதிரின்னா, கப்பலுக்கு ரெண்டு பக்கமும் முன்பக்கம் ஆயிடுமே. அப்படி ஒரு கப்பல் உலகத்திலேயே ஓடாதே," என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் கத்தினேன். இதை அவளிடம் அப்போதே, படம் போடும்போதே, நான் கேட்டிருக்கிறேன் ஐயா. "போறதுக்கு ஒரு மூஞ்சி, வர்றதுக்கு ஒரு மூஞ்சிம்மா. அப்பா திரும்பி வரும்போது கப்பலைத் திருப்பிக்கினு இருக்க வேணாம். நேரா வந்துடலாம்," என்றாள். உங்கள் முப்பத்திரண்டு வருஷத்தில் கப்பல் சீக்கிரம் வீட்டுக்கு வருவதற்கு யாராவது இப்படி ஒரு வழி சொல்லியிருக்கிறார்களா?

மூழ்குகிற கப்பல் என்கிறீர்களே, படத்தைச் சரியாகப் பார்த்தீர்களா? கொடியில் மூன்று லுங்கி காய்கிறது. மூழ்குகிற கப்பலில் யாராவது லுங்கி காயப் போடுவார்களா? ஒருவர் பல் தேய்க்கிறார். இரண்டு பேர் கேரம் ஆடுகிறார்கள். சமையல் ரூமிலிருந்து புகை நேராக மேலே போகிறது. வெட்டு ஓரத்தில் ஒரு சொட்டு நீலம் உள்ளே வரவில்லை. பதினொன்றரைப் பேரில் ஒருவர் முகத்திலாவது பயம் இருக்கிறதா? எல்லாரும் சிரிக்கிறார்கள். என் கணவர் பாதி வாயால் சிரிக்கிறார். இத்தனை சந்தோஷத்தைப் பார்த்தும் சாவு தெரிகிறது என்றால் கோளாறு படத்தில் இல்லை.

கோபத்தில் உங்கள் கழகத்தின் போன வருஷத்துக் காலண்டரை இணையத்தில் தேடி எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு கப்பல். பாய்மரம், புயல், அஸ்தமனம், கலங்கரை விளக்கம் எல்லாம் தத்ரூபம். ஒரு கப்பலிலும் ஓர் ஆள் இல்லை ஐயா. தானாகவே போய்த் தானாகவே வருகிறது. கயிறு எத்தனை புரி, நங்கூரம் எத்தனை டன், எந்த ராஜா காலத்தில் எந்த மரம், எல்லாம் உங்களுக்குத் தெரியும். கடல் மரபைக் காப்பாற்றுகிறீர்கள், நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பலுக்குள் ஒருவர் உட்கார்ந்து சாதம் பிசைந்துகொண்டிருப்பார், அவருக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் வானிலை அறிக்கைக்குப் பயப்படுகிற ஒருத்தி இருப்பாள் என்பது உங்கள் மரபில் சேருமா, சேராதா? முதல்முறையாக ஒரு குழந்தை கப்பலுக்குள் ஆளைப் போட்டு அனுப்பினாள். நீங்கள் அத்தனை பேரையும் சாகடித்துப் பரிசு கொடுத்துவிட்டீர்கள். இந்த அழகில் அது காலண்டராகி, 'கடைசிப் பயணம்' என்ற எழுத்தோடு, அவர் சாப்பிடும் ரூமிலேயே மாட்டப்போகிறது. வருஷம் முழுக்க, மூன்று வேளையும், அந்தக் கப்பலில் இருக்கும் இருபத்து மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். இது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா?

எனவே நான் கேட்பது இவைதான். படத்தை உடனே விபத்துப் பிரிவிலிருந்து எடுத்து, நான் டிக் போட்ட மகிழ்ச்சிப் பிரிவில் திரும்ப வைக்க வேண்டும். அங்கே பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆறுதல் பரிசுகூட வேண்டாம். 'கடைசிப் பயணம்' என்ற தலைப்பை அடித்துவிட்டு அவள் வைத்த தலைப்பைப் போட வேண்டும். கருகின ஃபிரேமைக் கழற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அந்த வெட்டு ஓரத்தில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள்; டிசைன் சரியா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். முழுக் கப்பலும் தெரியும், என் கணவர் இரண்டு கண்ணோடும் முழு மீசையோடும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். பார்த்துவிட்டு, கழகத்தின் தாளில், முத்திரையோடு, கேப்டன் என்று கையெழுத்துப் போட்டு, "ஏலவார்குழலி, உன் கப்பல் மூழ்கவில்லை" என்று என் மகளுக்கு இரண்டு வரி எழுத வேண்டும். நான் ஆயிரம் தரம் சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை. கப்பல் தெரிந்தவர் சொன்னால்தான் நம்புவாளாம். நீங்கள்தான் முழுக வைத்தீர்கள், நீங்கள்தான் தூக்க வேண்டும்.

இதில் ஒரு வார்த்தைகூட நான் திரும்பப் பெறப்போவதில்லை. பெரியவரிடம் இப்படிப் பேசியதற்கு வேண்டுமானால் வருத்தப்படுகிறேன். பேசிய விஷயத்துக்கு வருத்தப்படவில்லை. வீட்டில் அம்மாவையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது கடலில் இருந்தால் அவரும், என் வீட்டுக்காரரும், பெயர் தெரியாத மற்ற எல்லாரும், போன கப்பலிலேயே முழுசாக வீடு திரும்பக் காமாட்சியம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மிகுந்த கோபத்துடனும் மரியாதையுடனும்,
வி. தேவிப்ரியா

பின்குறிப்பு (புதன் காலை, 7.20): ஐயா, மேலே உள்ள பக்கங்களை நேற்று ராத்திரியே போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது. அசலை ஸ்பீட் போஸ்டில் போடலாம் என்று, புதுக் கவர் எதற்கு, நீங்கள் சான்றிதழ் அனுப்பிய பெரிய கவரையே திருப்பி ஒட்டி அனுப்புவோம் என்று பிரித்தேன். உள்ளே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த அமளியில் யாரும் பார்க்கவில்லை. விபத்துப் பிரிவில் முதல் பரிசு பெறுபவரையும் பெற்றோரையும் அடுத்த மாதம் பதினான்காம் தேதி சென்னைத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலுக்குள் அழைத்துப்போய், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடத்திக் காட்டுவீர்கள் என்று அதில் போட்டிருக்கிறது. மகிழ்ச்சிப் பயணம் பிரிவுக்குக் கலர் பென்சில் பெட்டி என்றும் போட்டிருக்கிறது.

குழலிக்குப் படித்துக் காட்டினேன். "மெய்யான கப்பலா? அந்தக் கோடி வரைக்கும் நாமளே நடக்கலாமா?" என்று கேட்டு, இப்போதே காலில் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆகையால் தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம். நேற்று ராத்திரி படத்தை மகிழ்ச்சிப் பிரிவுக்கு நீங்கள் எடுத்திருந்தால் இன்று காலையே விபத்துப் பிரிவில் திரும்ப வைத்துவிடவும். கருகின ஃபிரேமும் இருக்கட்டும். பதினான்காம் தேதி சாயங்காலம் வரைக்கும் கப்பல் மூழ்கியே இருக்கட்டும் ஐயா. தலைப்புச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் இருவர் என்று போட்டிருக்கிறது. அவள் அப்பா கடலில் இருப்பதால் அந்த இடத்துக்கு என் மாமியார் வரலாமா? கட்டிக்கொள்ள வேண்டிய சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டார். துறைமுகத்தில் எந்த வாசலுக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.